ஹிஸ்டரிக்காரங்க 'இது லா'ங்குறாங்க, லாக்காரங்க 'இது ஹிஸ்டரி'ங்குறாங்க: பிஎச்டி ஃபெலோஷிப்புக்கு நான் எங்க போக?

கரிசக்காட்டுக்காரி:
வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நான் எம்.ஏ. ஹிஸ்டரி, இப்ப பிஎச்டி ரெண்டாவது வருஷம், தென்மாவட்டத்துல ஒரு காலேஜ். டாபிக் சுயமரியாதைத் திருமணம். இயக்க வரலாறு இல்ல, அத நெறய பேர் எழுதிட்டாங்க, நான் பாக்குறது அந்தக் கல்யாணம் கோர்ட் வாசப்படி ஏறுனப்ப என்ன ஆச்சுங்குறத. 1928ல அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்துல முதல் கல்யாணம், எங்க ஊர்ல இருந்து பஸ்ல போற தூரம்தான். 1953ல தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்குல மெட்ராஸ் ஐகோர்ட் இந்த மாதிரி கல்யாணம் செல்லாதுன்னுருச்சு. அப்புறம் 1967ல அண்ணா ஆட்சி வந்து இந்து திருமணச் சட்டத்துல 7ஏன்னு ஒரு பிரிவு சேத்து செல்லும்னாங்க. நடுவுல கெடந்த ஆளுங்க கதி என்ன, அவங்க சொத்து, பிள்ளைங்க, வாரிசு சர்டிஃபிகேட், இதான் என் கேள்வி.

இது என் வீட்டுக் கதையும்தான். எங்க அப்பத்தா கல்யாணம் 1961. பத்திரிகை இன்னும் பீரோல இருக்கு, ரோஸ் கலர் காகிதம், மடிச்ச எடம் கிழிஞ்சு போச்சு. மேல பிள்ளையார் சுழி கிடையாது, 'வாழ்க்கை ஒப்பந்த விழா'ன்னு போட்டு தலைமை வகிச்சவர் பேரு மணமகன் பேர விட பெரிய எழுத்துல இருக்கு, நேரம் 'ஞாயிறு மாலை 5 மணி'.

சரி பிரச்சனைக்கு வரேன். எனக்கு ஜே.ஆர்.எஃப். (யுஜிசி மாசாமாசம் குடுக்குற ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைக்கல, நெட் தேர்வு மட்டும்தான் பாஸ். டிபார்ட்மெண்ட்ல கேட்டா 'இது சட்டம்மா, நாங்க எப்படி ரெகமண்ட் பண்றது'ங்குறாங்க. லா காலேஜ்ல ஒரு மேடத்த போய்ப் பாத்தா 'எல்.எல்.எம். இருக்கா'ன்னு கேட்டுட்டு 'அப்ப இது வரலாறு'ன்னு அனுப்பிட்டாங்க. சட்டம், வரலாறு, பண்பாடு மூணையும் சேத்துப் பண்றவங்களுக்கு எவன்தான் காசு குடுக்குறான்? வெளிநாடா இருந்தாலும் பரவால்ல.

சும்மாதான்_கேக்குறேன்:
தப்பா எடுத்துக்காதீங்க, அம்பது அறுபது வருஷத்துக்கு முந்துன கல்யாணம் செல்லுமா செல்லாதான்னு ஆராய்ச்சி பண்ணி யாருக்கு என்ன லாபம்? எங்க வரிப்பணம்ல.

ஐகோர்ட்_வராண்டா:
@சும்மாதான்_கேக்குறேன் லாபம் இருக்குய்யா. 2014ல நம்ம ஐகோர்ட்ல, வக்கீல் சேம்பர்ல வச்சு ரகசியமா பண்ற கல்யாணம் 7ஏ படி செல்லாதுன்னு ஒரு தீர்ப்பு வந்துச்சு. 2023 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் இளவரசன் வழக்குல அது தப்பு, ஊரக் கூட்டி அறிவிக்கணும்னு 7ஏல எங்கயும் இல்லன்னு சொல்லுச்சு. வீட்டுக்குப் பயந்து ஓடி வர்ற பசங்க ஊருக்கு பத்திரிகை வச்சா கல்யாணம் பண்ணுவாங்க? இந்தப் புள்ள கேக்குறது பழைய கதைன்னு யார் சொன்னது.

தங்கச்சி, நான் மதுர பெஞ்சுல பதினெட்டு வருஷமா சிவில் பாக்குறேன். ஃபெலோஷிப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, பழைய கேஸ் கட்டு, அதாவது ஃபைலு, எங்க இருக்கும்னு தெரியும், அத அப்புறம் சொல்றேன். மொதல்ல ஒண்ணு, அந்தப் பத்திரிகைல ஞாயித்துக்கிழம சாயங்காலம் அஞ்சு மணின்னு போட்டுருக்குல்ல, அது ராகு காலம். நாலரைல இருந்து ஆறு. சும்மா வச்ச நேரம் இல்ல அது.

கரிசக்காட்டுக்காரி:
@ஐகோர்ட்_வராண்டா அண்ணே!! இத்தன வருஷமா அந்தப் பத்திரிகைய பாக்குறேன், ஒரு நாள் கூட தோணல.

எழும்பூர்_கட்டு:
நல்ல டாபிக். நெலவரத்த சொல்றேன், கேட்டுக்கோ.

ஜே.ஆர்.எஃப்.தான் இருக்கறதுலயே பெரிய காசு, 2023 ஜனவரில இருந்து மொத ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் எஸ்.ஆர்.எஃப். 42,000. கண்டிஜென்சி மட்டும் நமக்கு கம்மி, ஆரம்பத்துல வருஷத்துக்கு 10,000 தான். அதுல ஜெராக்ஸ், பஸ், லாட்ஜ் எல்லாம் பாத்துக்கணும். உனக்கு வயசு இருந்தா இன்னொரு தடவ எழுது, ஹிஸ்டரிலயே எழுது, லா பேப்பர் எழுத எல்.எல்.எம். வேணும், அந்த மேடம் சொன்னது அந்தளவுக்கு கரெக்ட்தான்.

அது இல்லாட்டி ரெண்டு கதவு, ரெண்டும் மத்திய அரசு ஆராய்ச்சி கவுன்சில். ஐ.சி.எச்.ஆர்.னா வரலாறு, மாசம் 17,600. ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.னா சமூக அறிவியல், மாசம் 20,000. நீ தவறவிட்டது எதுன்னா, ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். லிஸ்ட்ல சட்டமும் ஒரு துறை. அங்க 'நீ லாவா ஹிஸ்டரியா'ன்னு சண்ட போடத் தேவையில்ல, கேள்விய சமூகக் கேள்வியா வச்சா போதும். ரெண்டையும் ஒரே நேரத்துல வாங்க முடியாது, அதனால எதுக்குப் போடப் போறன்னு மொதல்லயே முடிவு பண்ணு.

நெட்_மூணாவது_அட்டெம்ப்ட்:
ஜே.ஆர்.எஃப். கிடைச்சா மட்டும் என்ன ப்ரோ, எனக்கு கிடைச்சு அஞ்சு மாசம் பணமே வரல. ஒவ்வொரு மாசமும் காலேஜ்ல இருந்து ஆன்லைன்ல கன்ஃபர்ம் பண்ணணும், எங்க காலேஜ் ஆபீஸ்ல அத பாத்துட்டு இருந்தவர் டிரான்ஸ்ஃபர் ஆகிட்டாரு, பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியல, நானும் டெய்லி போயி சேர்ல உக்காந்து ஃபேன பாத்துட்டு வருவேன். கடைசில ஒட்டுமொத்தமா வந்துச்சு, அதுக்குள்ள ஹாஸ்டல் மெஸ் பில்லுக்கு அம்மா செயின் அடகுக்குப் போயிருச்சு. (பேர மாத்தணும், மூணாவது அட்டெம்ப்ட்லதான் கிடைச்சுது, சோம்பேறித்தனம்)

என்னோடது கமுதி கோயில் வழக்கு. 1897ல நாடார்கள் கோயிலுக்குள்ள போனது, அது சப் கோர்ட், ஐகோர்ட்னு ஏறி 1908ல லண்டன் பிரிவி கவுன்சில் (வெள்ளக்காரன் காலத்துல நமக்கு கடைசி அப்பீல் கோர்ட்) வரைக்கும் போயி நாடார் தரப்பு தோத்துச்சு. இதுக்கு லண்டன் போக யாராவது காசு குடுப்பாங்களா, அதையும் இந்த இழைலயே கேட்டுக்குறேன்.

எழும்பூர்_கட்டு:
உனக்கு சரியான ஆளு சார்லஸ் வாலஸ் டிரஸ்ட். இந்தியால இருக்க இந்தியர்களுக்கு பிரிட்டன்ல கொஞ்ச காலம் தங்கி ஆராய்ச்சி பண்ண சின்ன கிராண்ட் குடுக்குறாங்க. அந்த சார்லஸ் வாலஸ் 1916ல செத்த வெள்ளைக்கார வியாபாரி, அவன் சொத்துலதான் இது ஓடுது. பெரிய தொகை இல்ல, ஆனா உன் வேலைக்கு ஒரு மாசம் போதும். பிரிவி கவுன்சிலுக்குப் போன அப்பீலுக்கெல்லாம் கீழ் கோர்ட் சாட்சியம், எக்சிபிட் எல்லாத்தையும் இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து புத்தகமா அச்சடிச்சிருப்பாங்க, அது பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. கீழ் கோர்ட் கட்டு செல்லரிச்சுப் போனாலும் அந்த அச்சு நிக்கும்.

@கரிசக்காட்டுக்காரி நீ லண்டன கனவுலயும் நெனைக்காத. உன் வழக்கு 1953. இந்தியாவுக்கு பிரிவி கவுன்சில் 1949ஓட முடிஞ்சுது. உன் கட்டு எல்லாம் இங்கதான் எங்கயோ தூசில கெடக்கு, நீ லண்டன்னு எழுதுனா அப்ளிகேஷன் படிக்கிறவங்களுக்கு உனக்கு மெட்டீரியலே தெரியலன்னு பட்டுரும்.

மேடிசன்_குளிர்:
ஹாய், நான் அமெரிக்கால லீகல் ஹிஸ்டரி பிஎச்டி, அஞ்சாவது வருஷம். இங்க நெலமை வேற மாதிரி. இங்க பிஎச்டிக்கு சேந்தாலே ஸ்டைபண்ட் உண்டு, ஆனா அதுக்கு வருஷம் பூரா டீச்சிங் அசிஸ்டென்ட்டா பேப்பர் திருத்தணும். ஃபெலோஷிப்னா அந்த திருத்துற வேலைல இருந்து விடுதலை, அதான் நெசமான மதிப்பு. சில எடத்துல சட்டம், வரலாறு, பண்பாடுன்னு பேரே வச்சு மையம் இருக்கு, தெற்கு கலிஃபோர்னியா யுனிவர்சிட்டில ஒண்ணு. சிகாகோல அமெரிக்கன் பார் ஃபவுண்டேஷன் பிஎச்டி முடிக்கிற கட்டத்துல இருக்கவங்களுக்கு குடுக்குது. விஸ்கான்சின்ல ஹர்ஸ்ட் இன்ஸ்டிட்யூட்னு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, பன்னெண்டு பேர மட்டும் எடுத்து ரெண்டு வாரம் ஒரே ரூம்ல உக்கார வச்சு வாசிக்க விடுவாங்க.

கரிசல் அக்கா, இந்தியால பிஎச்டி பதிவு பண்ணவங்களுக்கு இதுல நெறைய செட் ஆகாது. ஃபுல்பிரைட் நேரு டாக்டரல் ஒண்ணுதான் நேரா செட் ஆகும், ஆறுல இருந்து ஒம்பது மாசம், இந்திய யுனிவர்சிட்டில பதிவு ஆகி கொஞ்ச காலம் ஓடியிருக்கணும். ஆனா உங்க மெட்டீரியல் இங்க இல்லியே, இங்க வந்து என்ன பண்ணுவீங்கன்னு அவங்களுக்கு சொல்லத் தெரியணும். எழுதுறதுக்கும் லீகல் ஹிஸ்டரி ஆளுங்க கிட்ட பேசுறதுக்கும்னு சொல்லலாம், அது நேர்மையான காரணம்தான்.

அப்ளிகேஷனோட மொத பாராவ இங்க போடுங்களேன், பாத்து சொல்றோம்.

கரிசக்காட்டுக்காரி:
சிரிக்கக் கூடாது.

'சட்டம், வரலாறு, பண்பாடு ஆகிய முப்பெரும் துறைகளின் சந்திப்பில் நின்று, திராவிட இயக்கத்தின் சமூக மாற்ற முன்னெடுப்புகளை நவீனத்துவத்தின் பின்னணியில் பன்முக நோக்கில் ஆராய்வதே இவ்வாய்வின் நோக்கமாகும்.'

சும்மாதான்_கேக்குறேன்:
சிரிக்கல. தூக்கம்தான் வந்துச்சு.

எழும்பூர்_கட்டு:
அவரு சொல்றது இந்த ஒரு தடவ சரி. அம்மாடி, இதுல ஒரு மனுசன் இல்ல, ஒரு தேதி இல்ல, ஒரு காகிதம் இல்ல. நான் ஒரு சின்ன கிராண்டுக்கு ரெண்டு தடவ அப்ளிகேஷன் படிச்சுக் குடுத்துருக்கேன், பத்துக்கு எட்டு இப்படித்தான் ஆரம்பிக்கும், 'சந்திப்பில் நின்று'. எல்லாரும் சந்திப்புலயே நிக்கிறாங்க, ஒருத்தனும் பஸ் ஏற மாட்டேங்குறான்.

எந்த கட்டு, எந்த ரூம், எத்தன நாள், இத எழுது. எழும்பூர்ல ஆவணக் காப்பகம் 1909ல இருந்து அந்த செவப்புக் கட்டடத்துல இருக்கு. உனக்கு வேண்டியது லா டிபார்ட்மெண்ட் ஜி.ஓ.க்கள், 1967 சட்டம் வர்றதுக்கு முன்னாடி கவர்மெண்டுக்குள்ள என்ன நோட் போட்டாங்க, யாரு ஆட்சேபிச்சா, அதெல்லாம் அந்த ஃபைல்ல வரும். மொதல்ல இண்டெக்ஸ் வாலியூம பாத்து நம்பர எடு, சீட்டு எழுதிக் குடு, கட்டு வர்ற வரைக்கும் எதிர்த்தாப்புல டீ குடி. சிவப்பு நாடாவ அவுக்குறப்ப மெதுவா, ஓரம் பொடிஞ்சு சட்டையில ஒட்டும், வீட்டுக்கு வந்து உதறுனா மொளகாப்பொடி கலர்ல கொட்டும். அப்புறம் தரமணில ரோஜா முத்தையா நூலகம், அங்க பழைய பத்திரிகைகள் கிடைக்கும். குடி அரசுல கல்யாணச் செய்தி வாரா வாரம் போட்டுருக்காங்க. யாரு தலைமை, எந்த ஊரு, விதவா மணமா, சாதி மறுப்பா, மொய்க்குப் பதிலா இயக்கத்துக்கு நன்கொடையா, எல்லாம் நாலு வரில இருக்கும்.

ஐகோர்ட்_வராண்டா:
இப்ப என் டர்ன். ஐகோர்ட் தீர்ப்பு ஏ.ஐ.ஆர்.ங்குற தீர்ப்புத் தொகுப்புல 1954 மெட்ராஸ் வாலியூம்ல இருக்கு, அத எல்லாரும் படிச்சுருவாங்க. ஆனா தீர்ப்புங்குறது சமைச்சு எலையில வச்ச சோறு, உனக்கு வேண்டியது கொல்லப்பக்கம், அதாவது டிரையல் கோர்ட் சாட்சியம். யாரு பெட்டி ஏறுனா, 'மாலை மாத்துனத பாத்தேன்'னு சொன்ன ஆளு சமையல்காரனா கட்சிக்காரனா, பத்திரிகைய எக்சிபிட்டா குறிச்சாங்களா. பழைய கட்டுல பாதிய காலக்கெடு முடிஞ்சதும் அழிச்சுருவாங்க, தீர்ப்பும் டிக்ரியும் மட்டும் மிஞ்சும். அதனால அப்பீலுக்குப் போன வழக்கா பாத்து எடு, அப்பீலுக்குன்னு தயார் பண்ற பேப்பர் புக்ல சாட்சியம் டைப் ஆகியிருக்கும்.

நீ வழக்குல கட்சி இல்லாததால தேர்ட் பார்ட்டி காப்பி அப்ளிகேஷன் போடணும், எதுக்குன்னு அஃபிடவிட்ல சொல்லணும். 'ஆராய்ச்சிக்காக'ன்னு மட்டும் எழுதாத, கைடு லெட்டர், காலேஜ் லெட்டர் வச்சு கொடு. ஒரு தடவ போனா 'நாளைக்கு வாங்க', ரெண்டாம் தடவ 'கட்டு வரல', மூணாம் தடவதான் முகத்த பாத்துப் பேசுவாங்க. இந்த மூணு தடவைக்கான பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் உன் பட்ஜெட்ல இருக்கணும். நீங்க படிச்ச புள்ளைங்க பட்ஜெட்ல லேப்டாப் எழுதுறீங்க, பஸ் டிக்கெட் எழுத மாட்டேங்குறீங்க.

இன்னொண்ணு, சட்டமும் பண்பாடும் சேர்ற எடம்னு நீ தேடிட்டு இருக்கியே, அது எங்க ராமநாதபுரத்துலயே 1868ல கெடச்சாச்சு. ராணி புருசன் செத்தப்புறம் தத்தெடுத்தது செல்லுமான்னு கலெக்டர் ஆஃப் மதுரா வழக்கு. பிரிவி கவுன்சில் சொன்னது என்னன்னா, இந்து சட்டத்துல வழக்கம்னு தெளிவா நிரூபிச்சா அது எழுதி வச்ச சாஸ்திரத்த விட மேல. வழக்கம் எது? யார கேட்டு முடிவு பண்ணுவ? அந்தக் கேள்விதான் நூறு வருஷம் கழிச்சு உங்க அப்பத்தா பத்திரிகைல நிக்குது.

வல்லிபுரத்தான்:
வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப நெதர்லாந்தில ஆராய்ச்சி மாணவனா இருக்கிறன். வாசிச்சுக்கொண்டு வர என்ர கதையும் இதுதான் எண்டு பட்டது. நான் செய்யிறது தேசவழமை. 1706இல ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் கட்டளை போட, கிளாஸ் ஐசாக்ஸ் எண்ட திசாவை (ஒல்லாந்தற்ற நிர்வாக அதிகாரி) யாழ்ப்பாணத்து வழமையளை எழுதி 1707இல குடுத்தவர். பிறகு அதைத் தமிழில மாத்தி பன்னிரண்டு முதலிமாரிட்டக் காட்டி, சரி எண்டு கையெழுத்தும் வாங்கினவை. இங்கிலீசுக்காரன் வந்து 1806இல அதையே சட்டமாக்கினவன். எங்கட ஆக்களுக்கு அது இண்டைக்கும் நடைமுறையில இருக்கு. கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர சீதனக் காணியை விக்கிறதெண்டாலும் புருசன்ர எழுத்துச் சம்மதம் வேணும், எங்கட அக்கா காணி எழுதப் போய்த்தான் நான் அதை முதன்முதலா விளங்கிக்கொண்டனான்.

முதல் வருசம் நான் மூண்டு இடத்துக்குப் போட்டு மூண்டும் சரிவரேல்லை. நானும் தங்கச்சி மாதிரித்தான், 'காலனியச் சட்டப் பன்மைத்துவம்' எண்டு தொடங்கினனான். நாலாவது முறை 'தேடியதேட்டம்' எண்ட ஒரு சொல்லில தொடங்கினன். புருசனும் பெண்சாதியும் சேர்ந்து தேடினது, அது முதுசமும் (பரம்பரைச் சொத்து) இல்லை, சீதனமும் இல்லை, அதை ஒல்லாந்தில எழுதேக்கை என்ன சொல் போட்டான், இங்கிலீசில என்னவா மாறினது, கோட்டில அது ஆற்றை காணியா முடிஞ்சது. அவ்வளவுதான். ஹேக்கில இருக்கிற கம்பனி ஆவணங்களும் கொழும்பு சுவடிக்கூடமும் ரெண்டுமே வேணும் எண்டு நாள் கணக்குப் போட்டுக் குடுத்தன், கிடைச்சது. ஃபிராங்ஃபர்ட்டில மாக்ஸ் பிளாங்க் சட்ட வரலாற்று நிறுவனமும் வெளிநாட்டு ஆராய்ச்சி மாணவருக்குக் கொஞ்சக் காலத்துக்கு உதவித்தொகை குடுக்கிறது, எழுதிற கட்டத்தில அதையும் ஒருக்காப் பாருங்கோ.

நெட்_மூணாவது_அட்டெம்ப்ட்:
தேடியதேட்டம்!! என்ன ஒரு சொல்லு ஐயா. எங்க ஊர்ல சுயார்ஜிதம்னு பத்திரத்துல எழுதி வச்சுருக்கோம்.

சும்மாதான்_கேக்குறேன்:
எங்க தாத்தா பத்திரத்துலயும் சுயார்ஜிதம்தான் இருக்கு. பாட்டி பேரு எங்கயும் இல்ல. இத படிச்சுட்டு இப்பதான் எடுத்துப் பாத்தேன்.

கரிசக்காட்டுக்காரி:
புதுசா எழுதிருக்கேன், பாருங்க. வராண்டா அண்ணே, சட்டம் தப்பா இருந்தா சொல்லுங்க.

'1961இல் ஒரு ஞாயிறு மாலை, ராகு காலத்தில், விருதுநகர் மாவட்டக் கிராமம் ஒன்றில் ஒரு திருமணம் நடந்தது. ஐயர் இல்லை, ஓமம் இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் வந்த உயர்நீதிமன்றத் தீர்ப்பின்படி அது திருமணமே இல்லை. 1968 ஜனவரி 20 அன்று நடைமுறைக்கு வந்த 7ஏ பிரிவு, நடந்த நாளிலிருந்தே அதைத் திருமணம் ஆக்கியது. இடைப்பட்ட ஏழு ஆண்டுகள் அந்தப் பெண் சட்டத்தின் கண்ணில் யார்?'

எழும்பூர்_கட்டு:
இப்பதான் பஸ் ஏறிருக்க. 1961ல விருதுநகர் மாவட்டம் கெடையாது, அது ராமநாதபுரம் மாவட்டம், மாத்து. ஹிஸ்டரி ஸ்டூடெண்ட் நீ.

மேடிசன்_குளிர்:
செமயா இருக்கு. ஆனா வொர்க்ஷாப்ல இத படிச்சா மொத கேள்வி வரும், ரெடியா இருங்க: கோர்ட்டுக்குப் போகாத கல்யாணத்த பத்தி எப்படி ஆராய்வீங்க? கட்டு இருக்கறது சண்ட போட்டவங்களுக்கு மட்டும்தான்.

ஐகோர்ட்_வராண்டா:
அதுக்கு பதில் வீட்லயே இருக்குல்ல. அப்பத்தா நல்லா பேசுவாங்களா? அப்ளிகேஷன் கெடக்கட்டும், இந்த வாரமே உக்கார வச்சு பேசி ரெக்கார்ட் பண்ணு. நான் பெட்டில ஏத்தி கேக்குற மாதிரி கேளு, 'கல்யாணம் எப்படி நடந்துச்சு'ன்னு பொதுவா கேக்காத. மாலை யாரு மொதல்ல போட்டா, உறுதிமொழிய யாரு படிச்சா, தாலி உண்டா இல்லையா, இப்படி ஒவ்வொண்ணா.

கரிசக்காட்டுக்காரி:
நாலு நாள் ஆச்சு, ஊருக்குப் போய்ட்டு இப்பதான் வந்தேன். அண்ணே சொன்ன மாதிரியே ஒவ்வொண்ணா கேட்டேன். மாலை தாத்தாதான் மொதல்ல, சொக்கா முழுக்க சம்பங்கி கறையாயிருச்சாம். உறுதிமொழிய தாத்தா மனப்பாடமா சொன்னாராம், இவங்களுக்கு படிக்கத் தெரியாது, தலைவர் சொல்லச் சொல்ல சொன்னாங்களாம், பாதி காதுல விழலயாம், மைக் செட் இரைச்சல். எல்லாம் நான் எதிர்பாத்த மாதிரியேதான் போச்சு. கடைசியா தாலின்னு கேட்டேன். வெத்தலய மென்னுட்டே இருந்தாங்க. அப்புறம் சொல்றாங்க, 'கூட்டம் கலஞ்சு பேச்சாளரு எல்லாம் பஸ் ஏறிப் போனப்புறம், ராத்திரி பத்து மணி இருக்கும், உங்க பூட்டி மஞ்சக் கயித்த எடுத்துட்டு வந்து உங்க தாத்தன் கால்ல விழப் போயிட்டா. அடுப்படிக்குள்ள வச்சு கட்டுனாரு. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு, நானும் அவரு இருக்க வரைக்கும் சொல்லல.'

அறுபது வருஷத்துக்கு மேல எங்க அப்பாவுக்கே தெரியாது.

ஐகோர்ட்_வராண்டா:
அடி ஆத்தீ. ஏம்மா, உங்க சாதி வழக்கத்துல தாலி கட்டுனாலே கல்யாணம் முடிஞ்சுதா, இல்ல ஓமம் வளக்கணுமா? தாலி மட்டும் போதும்னா 1955 சட்டத்துல 7ஆவது பிரிவுலயே, ரெண்டு தரப்புல யாராவது ஒருத்தர் வழக்கப்படி சடங்கு நடந்தா போதும்னு இருக்கு. அப்ப ராகு காலத்துல மேடையில நடந்தது செல்லாது, ராத்திரி அடுப்படில நடந்தது செல்லும்னு வாதாடலாம். நான் எதிர்த்தரப்பு வக்கீலா இருந்தா சாட்சி யாருன்னு கேப்பேன்.

வல்லிபுரத்தான்:
சாட்சி பூட்டிதான். அவ இப்ப இல்லை.

எழும்பூர்_கட்டு:
மொத பாராவ திருப்பி எழுதணும்போல இருக்கே.

கரிசக்காட்டுக்காரி:
ஆமாண்ணே, 'திருமணமே இல்லை'ங்குற வரி நிக்காது. ஆனா இத எழுதலாமான்னு தெரியல, அப்பத்தா தாத்தாவுக்கு பண்ணுன சத்தியம் அது, எங்கிட்ட சொல்லிட்டாங்க, அப்ளிகேஷன்ல எழுதச் சொல்லலியே. நாளைக்கு ஃபோன் பண்ணி கேக்கணும். கடைசி தேதி வெள்ளிக்கிழமை.

சும்மாதான்_கேக்குறேன்:
என்ன சொன்னாங்கன்னு இங்க வந்து சொல்லுங்க. சும்மா இல்ல, நெசமாவே கேக்குறேன்.